பின் தேடல்

ஜெர்மானிய வேட்டைக்காரர்களின் பேச்சில் அடிபட்ட விலங்கின் குருதிக்கு 'ஷ்வைஸ்' என்று பெயர். பொதுவழக்கில் அச்சொல்லின் பொருள் வியர்வை. தொழிற்குழுக்களின் சொல்வழக்கை ஒப்பிடும் என் முனைவர் பட்ட ஆய்வுக்காக, அவர்களுடைய நாய்ப்பயிற்சி நூல்களை ஓராண்டாக வாசித்து வருகிறேன். புலால் உண்ணாத வீட்டில் பிறந்து, தெருநாய் குரைத்தால் எதிர்ப்பக்கம் நடக்கும் எனக்கு இந்நூல்கள் எதற்கு என்று துறை நண்பர்கள் கேட்கிறார்கள். விடையைச் சற்று விரித்தே எழுதுகிறேன்.

நன்னூல் தகுதி வழக்கை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்றாகப் பகுக்கிறது. குழூஉக்குறிக்கு உரைகள் காட்டும் சான்றுகளுள் ஒன்று வேடருடையது: கள்ளைச் 'சொல்விளம்பி' என்பது. ஷ்வைஸை இடக்கரடக்கலில் சேர்த்துவிடலாம் என்று தோன்றும். ஆனால் அதன் இனச்சொல்லான பழைய ஆங்கிலத்தின் 'ஸ்வாட்' வியர்வையோடு குருதியையும் குறித்தது. எனவே இது பழம்பொருளின் எச்சமாகவும் இருக்கலாம். மேலும், குருதியைக் காணக் கூசுவோரின் மொழி அதை இத்தனை நுட்பமாகப் பகுத்திராது. நுரைத்த வெளிர்சிவப்பு என்றால் குண்டு நுரையீரலில் பட்டிருக்கிறது. கருஞ்சிவப்பு என்றால் ஈரலில். இரைத் துணுக்குகள் கலந்திருந்தால் வயிற்றில். காத்திருக்க வேண்டிய நேரம் இதைப் பொறுத்தே மாறும். வயிற்றில் அடிபட்ட மானை உடனே பின்தொடர்ந்தால் அது வெகுதொலைவு ஓடிவிடும்; சில மணி நேரம் விட்டுவைத்தால் பெரும்பாலும் அருகிலேயே எங்காவது படுத்துவிடும்.

இப்பணிக்கென்றே வளர்க்கப்படும் மோப்ப நாயினங்கள் உண்டு. என் கவனத்தை ஈர்த்தவை டிராட்ஹார், குர்ட்ஸ்ஹார் போன்ற பல்திறன் நாய்கள். வயல்வெளியில் விரைந்தோடிப் பறவை இருக்குமிடத்தைக் காட்டுவதும், நீரில் விழுந்த வாத்தைக் கொண்டுவருவதும், குருதித் தடத்தில் மூக்கைத் தரையில் பதித்து மெல்ல நடப்பதும் ஒரே நாயின் வேலை. வேகத்துக்குப் பழகிய உயிரை நிதானத்துக்கு மாற்றுவது எப்படி? தடப்பணிக்கு மட்டும் அகன்ற கழுத்துப்பட்டையும் நீண்ட வாரும் அணிவிக்கிறார்கள். அவற்றை அணிவித்ததும், இனி எந்த வேலை என்பது நாய்க்குப் புரிந்துவிடுகிறது. அவையோர் மாறியதும் நாம் நடையை மாற்றிக்கொள்வதைப் போன்றது இது.

பயிற்சித் தடத்தை மனிதரே இடுகிறார்கள். விலங்கின் குளம்பு பொருத்திய காலணியோடு நடந்தும், குச்சி நுனியில் கட்டிய பஞ்சால் குருதியைத் தொட்டு வைத்தும் தடம் உருவாகிறது. பல்திறன் நாய்களுக்கான பெருந்தேர்வில் அதன் நீளம் குறைந்தது 400 மீட்டர். அதற்குச் செலவிடும் குருதி கால் லிட்டருக்கு மேற்படாது. இரவு கடக்கும் தடமெனில் 14 மணி நேரமாவது பழையதாக வேண்டும். சில நாய்களை இறுதிப் பகுதியில் வாரின்றி விடுகிறார்கள். கண்டடைந்த விலங்கின் அருகே நின்று குரைப்பது ஒரு முறை. கழுத்தில் தொங்கும் சிறு தோல்துண்டை வாயில் கவ்வியபடி திரும்பி வந்து செய்தி சொல்வது மற்றொரு முறை.

பயிற்சியின் கடினமான பகுதி மனிதருக்கானது. தடம் எங்கே திரும்புகிறது என்பதை அறிந்தவர் வாரைப் பிடித்தால், நாய் தடத்தை விட்டுவிட்டு அவர் கையைப் படிக்கத் தொடங்கிவிடும். கணக்குப் போடுவதாகப் புகழ்பெற்ற பெர்லின் குதிரை ஹான்ஸ், கேட்பவரின் உடலசைவையே படித்தது என்று 1907இல் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் நிறுவியதும் இதைத்தான் நினைவூட்டுகிறது. ஆகவே, பிறர் இட்ட, தமக்குத் தெரியாத தடத்தில் பழகுமாறு நாயை நடத்துவோருக்கு அறிவுறுத்துகிறார்கள். தகவலாளியிடம் விடை பொதிந்த வினாவைக் கேட்டுப் பழகிய நம் துறையினருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இத்தேடலுக்கு ஜெர்மனில் 'நாக்ஸூஹெ' என்று பெயர். பின் தேடல் எனலாம். அடிபட்ட விலங்கைத் தவிர்க்கக்கூடிய துன்பத்தில் விடலாகாது என்பது அந்நாட்டு வேட்டைச் சட்டத்தின் 22அ பிரிவு. சொல்லுக்குப் பின்னே ஒரு கடமை இருக்கிறது.

நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடைசெய்கிறது. எனினும் சுடுதல் முற்றிலும் நின்றுவிடவில்லை. பீகாரில் 2016இல் நீல்காய் மான்கள் சுடப்பட்டன. கேரளத்தில் பயிரழிக்கும் காட்டுப்பன்றிகளைச் சுட ஆணையிடும் அதிகாரம் 2022இல் உள்ளாட்சித் தலைவர்களுக்கு வழங்கப்பட்டது. இரண்டையும் ஒட்டி நான் வாசித்த விவாதங்களில் சுடலாமா, கூடாதா என்பதே வினா. குண்டேறிப் புதருக்குள் மறைந்த பன்றி என்னவாயிற்று என்று எவரும் கேட்டு நான் வாசிக்கவில்லை. கொல்லுதலை எதிர்க்கும் என் போன்றோரும் கேட்கவில்லை என்பதே என்னை உறுத்துகிறது.

தமிழ் அக மரபில் இவ்வினாவுக்கு ஒரு துறையே இருக்கிறது. அம்பு தைத்த மான் இவ்வழி வந்ததா, யானை வந்ததா என்று தினைப்புனத்தில் தலைவன் கேட்பது கெடுதி வினாதல். அங்கே விலங்கு ஒரு சாக்கு. அவன் தேடி வந்தது தலைவியை. இருந்தும் அச்சாக்கு அவையில் எடுபட்டிருக்கிறது. அடிபட்டதைத் தேடிச் செல்வது வேட்டுவனுக்கு இயல்பு என்று கேட்போர் கருதியிராவிட்டால் அது எடுபட்டிராது.

அவ்வியல்பைக் குறிக்கும் நடைமுறைச் சொல் நம் மொழிகளில் எங்கேனும் வழங்குகிறதா என்று தேடிக்கொண்டிருக்கிறேன். மலைவாழ் மக்களிடையே களப்பணி செய்யும் நண்பர்களுக்கு அப்படியொன்று கிடைத்திருந்தால், பேசியவர் சொன்ன தொடரோடு இங்கே எழுதுங்கள்.