பழைய காரும் புதிய சுழல்தண்டும்

காரைப் பற்றிப் பேசுவோர் எஞ்சினின் வலிமையைப் புகழ்வர். மேனியின் வண்ணத்தை வியப்பர். இவ்விரண்டுக்கும் கீழே, எவர் கண்ணிலும் படாமல் சுழன்றுகொண்டிருக்கும் எஃகுக் குழாயைப் பற்றிப் பேசுவோர் அரியர். எஞ்சின் முன்னும் இயங்கு சக்கரங்கள் பின்னுமாக அமைந்த பழங்கார்களில், கியர் பெட்டியிலிருந்து பின்னச்சுக்கு ஆற்றலைக் கொண்டு செல்வது அக்குழாயே. பட்டறைகளில் அதனைப் ‘புரொப்பெல்லர் ஷாஃப்ட்’ என்பர். சுழல்தண்டு என்பது பொருத்தமான தமிழ்.

அலெக் இசிகோனிசின் வடிவமைப்பில் 1948இல் வெளிவந்து, 1971 வரை உற்பத்தி செய்யப்பட்டது மோரிஸ் மைனர். பத்து இலட்சத்துக்கு மேல் விற்பனையான முதல் பிரிட்டிஷ் கார் அதுவே. மலாயாச் சாலைகளும் அதனை நன்கறியும். அதற்கு இருப்பவை நான்கு கியர்களே. இன்றைய விரைவுச்சாலையில் அச்சிறு எஞ்சின் அலறாமல் ஓட வேண்டுமென்று, பிரிட்டனில் அக்காரைப் பேணுவோர் பலர் 1980களின் ஃபோர்டு சியரா காரிலிருந்து ஐந்து கியர்ப் பெட்டியை எடுத்துப் பொருத்துகின்றனர். பெட்டி மாறியதும் பழைய தண்டு பயனற்றதாகிறது. நீளமும் ஒவ்வாது; முனையின் பள்ளவரிகளும் ஒவ்வா. அந்த ஒரு காருக்கென்றே புதுத்தண்டு செய்தாக வேண்டும்.

குழாயை அளந்து வெட்டினால் போதாதா என்று எண்ணுவது பேதைமை. ஏனெனில் தண்டின் இரு முனைகளுக்கும் இடையேயுள்ள தொலைவு நிலையானதன்று. பின்னச்சு வில்தகடுகளின்மேல் அமர்ந்திருக்கிறது. சாலையின் மேடுபள்ளத்துக்கேற்ப அது எழுந்து தாழும்போது தொலைவும் மாறுகிறது. காரை ஜாக்கியில் தூக்கிச் சக்கரங்கள் தொங்கும் நிலையில் எடுத்த அளவு பொய்யளவு. கார் தன் எடையைத் தன் சக்கரங்களில் தாங்கி நிற்கையிலேயே அளக்க வேண்டும். முன்முனையிலுள்ள வரியிட்ட உறையைக் கியர் பெட்டியின் வாலுக்குள் முழுதும் செலுத்தி, ஏறத்தாழ ஓர் அங்குலம் வெளியே இழுத்து, அந்நிலைக்குரிய நீளத்தையே குறித்துக்கொள்வர். தண்டு நீண்டுவிட்டால் ஒரு பள்ளத்தில் அது பெட்டியின் உள்ளே இடிக்கும்; குறைந்துவிட்டால் சில வரிகளே பற்றி நின்று விரைவில் தேயும்.

அடுத்தது கணு. தண்டின் இரு முனைகளிலும் சிலுவை வடிவக் கணுக்கள் உள்ளன. 16ஆம் நூற்றாண்டின் இத்தாலியர் கார்டனோவின் பெயராலும் 17ஆம் நூற்றாண்டின் ஆங்கிலேயர் ராபர்ட் ஹூக்கின் பெயராலும் அவை வழங்குகின்றன. இக்கணுவுக்கு ஒரு விந்தைக் குணம் உண்டு. 10 பாகை சாய்வில் ஒரு முனை சீராகச் சுழன்றாலும், மறுமுனை ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை ஒன்றரை விழுக்காடு விரைந்தும் அவ்வளவே தளர்ந்தும் சுழலும். முதற்கணு உண்டாக்கிய இந்த ஏற்றத்தாழ்வை இரண்டாம் கணு அழிக்க வேண்டும். அதற்குக் குழாயின் இரு கவைகளும் ஒரே தளத்தில் நிற்க வேண்டும். இரு சாய்வுகளும் சமமாக இருக்க வேண்டும். பற்றவைப்பவர் ஒரு கவையைக் கால்சுற்றுத் திருப்பிவிட்டாலோ குறை அழியாது, இருமடங்காகும்! புதுப்பெட்டியைத் தாங்கும் சட்டம் சற்றே உயர்ந்துவிட்டாலும் சாய்வுகள் மாறிவிடும். அப்போது பின்னச்சுக்கும் வில்தகட்டுக்கும் இடையே மெல்லிய ஆப்பு வைத்துச் சரிசெய்வதுண்டு.

தண்டின் சுழற்சி வேகம் சாலை வேகத்தையும் பின்னச்சின் விகிதத்தையும் பொறுத்தது. பின்னச்சு விகிதம் 4.22 ஆகவுள்ள மைனர் மணிக்கு 60 மைல் ஓடும்போது, தண்டு நிமிடத்துக்கு ஏறத்தாழ 3,700 முறை சுழலும். ஐந்தாம் கியரில் எஞ்சின் 3,000 சுற்றோடு இளைப்பாறும். தண்டுக்கோ இளைப்பாறுதல் இல்லை. அவ்வேகத்தில் குழாயின் ஒரு பக்கம் சிறிதளவு கனத்தாலும் கார் முழுவதும் அதிரும். ஆகவே புதுத்தண்டை எந்திரத்தில் சுழற்றி, இலேசான பக்கத்தில் சிறு தகட்டுத் துண்டுகளைப் பற்றவைத்துச் சமன்செய்கின்றனர். இச்செலவை மிச்சப்படுத்துவது சிக்கனமன்று. முன்கணு முறிந்து தண்டு சாலையில் குத்தினால், ஓடும் காரையே அது மேலே எற்றக்கூடும். தண்டின் முன்பகுதியைச் சுற்றி எஃகு வளையம் ஒன்றை மாட்டுவோர் உண்டு. அது வீண் அச்சமன்று.

பொருத்தும் வேலை குறுகியதே. சக்கரங்களுக்கு அடைகொடுத்து, முன்முனையை எண்ணெய்த் தடுப்பு வளையம் கிழியாதபடி மெல்லச் செலுத்தி, பின்முனையை நான்கு புதிய போல்ட்டுகளால் இறுக்கினால் முடிந்தது. சில மைல் ஓட்டியபின் அவற்றை மீண்டும் இறுக்கிப் பார்க்க வேண்டும்.

அந்த முதல் ஓட்டத்தில் அதிர்வு தோன்றினால், நல்ல சாலையில் கியரை விடுவித்துக் காரைத் தானாக உருளவிடுவர். எஞ்சினின் வேகம் தணிந்த பின்னும் அதிர்வு தணியாவிடில், ஐயம் முதலில் தண்டின்மேல் விழும். பின்முனைப் போல்ட்டுகளைக் கழற்றித் தண்டை அரைச்சுற்றுத் திருப்பி மீண்டும் மாட்டிப் பார்ப்பர். சில வேளைகளில் அவ்வளவிலேயே அதிர்வு அடங்கிவிடும். அடங்காவிடில் தண்டு மறுபடியும் பட்டறைக்குப் போகும்.