நீளவாக்கில், குறுக்குவாக்கில்

இப்போதெல்லாம் சமையல் காணொளிகளில் எந்தக் குழம்புக்கும் ஒரே கட்டளைதான்: வெங்காயத்தைப் பொடியாக நறுக்கிக்கொள்ளுங்கள். மலாக்கா தோட்டத்துச் சமையலறைகளில் இந்தப் பேச்சு எடுபட்டிருக்காது. என்ன கறி என்று தெரிந்த பிறகுதான் அங்கே வெங்காயத்தில் கத்தி படும்.

அந்தக் கைகள் பழகிய வேலை அப்படி. டான் சாய் யான் என்பவர் 1896இல் புக்கிட் லிந்தாங்கிலும் பிறகு புக்கிட் அசஹானிலும் ரப்பரை வணிகப் பயிராக்கியதிலிருந்து, இந்த மாநிலத்தில் தலைமுறை தலைமுறையாக நம்மவர்கள் பால் வெட்டினார்கள். கத்தி பட்டையை மெல்லியதாகச் சீவ வேண்டும். உள்ளே மரத்தைத் தொட்டால் காயம், கங்காணியின் ஏச்சு. பட்டைக்குள் பால்குழாய்கள் லேசாக வலப்பக்கம் சாய்ந்து ஏறுகின்றன. அதனால்தான் கோடு இடது மேலிருந்து வலது கீழாக இறங்கும். அப்படி வெட்டினால்தான் அதிகக் குழாய்கள் அறுபட்டுப் பால் தாராளமாக வரும்.

வெங்காயத்துக்கும் இதே கணக்குத்தான். அதன் நரம்பு வேரிலிருந்து தாளுக்கு நீளமாக ஓடுகிறது. நீளவாக்கில் சீவினால் குறைவான செல்களே உடையும். துண்டு வெந்தாலும் உருக்குலையாது. ஆட்டுப் பிரட்டலில் வெங்காயம் கண்ணில் பட வேண்டும் என்றால் இந்த வெட்டுத்தான். குறுக்கே வெட்டினால் நரம்பெல்லாம் துண்டாகிக் காரம் கூடும், சட்டியில் சீக்கிரம் குழையும். நெத்திலி சம்பாலுக்கோ இரண்டு விதமாக வேண்டும்: காய்ந்த மிளகாயோடு அரைபட ஒரு பங்கு, கடைசியில் வளையமாகப் போட ஒரு பங்கு. அந்த வளையம் பாதி வெந்தும் வேகாமலும் இருக்க வேண்டும். முழுக்க வதங்கிய சம்பாலை நான் சம்பால் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

காஜா பெராங்கில் மலாக்கா செட்டிகளின் கிராமம் இருக்கிறது. தோட்டங்கள் வருவதற்கு வெகுகாலம் முன்பே இங்கே வேர்விட்ட தமிழ் வழியினர். அவர்கள் சமையலில் சின்ன வெங்காயம் பெரும்பாலும் இடிபட்டு, அரைபட்டு மசாலாவாகிவிடும். அதற்கு முன் குறுக்கே மெல்லியதாக அரிந்துகொள்வது நல்லது. நார் நீளமாகக் கிடந்தால் கல் வழுக்கும், விழுது மையாகாது.

கண்ணீர்க் கதைக்கு வருவோம். வெங்காயச் செல் உடைந்ததும் தனித்தனியே இருந்த கந்தகப் பொருளும் நொதியும் கலந்து, கண்ணைக் கரிக்கும் ஆவி பிறக்கிறது. இதில் இன்னொரு நொதிக்கும் பங்குண்டு என்று 2002இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். 2025இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் அதிவேகக் கேமரா வைத்துப் பார்த்ததில், மழுங்கிய கத்தியும் வேகமான வெட்டும்தான் சாற்றுத் துளிகளை அதிகமாகத் தெறிக்க விடுகின்றன என்று தெரிந்தது. கூரான கத்தி, நிதானமான கை. பால் வெட்டுகிற வீட்டில் தீட்டுக்கல் ஓய்ந்திருக்காது. பால் வெட்டும் உளியோடு கறிக்கத்தியும் அதில் ஒரு தேய்ப்பு வாங்கிக்கொள்ளும். தாமான் வீட்டுக்குக் குடிவந்தபோது அருவாமணையோடு தீட்டுக்கல்லும் பின்கட்டில் முடங்கியது. குளிர்பெட்டியில் வைத்து வெட்டினால் கண் எரியாது என்ற யோசனை பிறகு வந்தது. அதனால் பலனில்லை என்று அதே கார்னெல் ஆய்வு சொல்கிறது.

வெட்டு மட்டும் போதாது, வெங்காயமும் சரியாக அமைய வேண்டும். 2023 டிசம்பரில் இந்தியா ஏற்றுமதியைத் தடை செய்து, மறு ஆண்டு மே மாதம்தான் தளர்த்தியது. அந்த மாதங்களில் பசாரில் ஹாலந்து வெங்காயத்தைத்தான் அதிகம் வாங்கினேன். உரிக்கச் சுலபம், கண்ணிலும் அவ்வளவாக நீர் வராது. வளையமாக வெட்டினால் அழகாகவே நிற்கிறது. அரைத்தால்தான் சங்கடம்: விழுதில் தண்ணீர் விட்டுக்கொள்கிறது, சம்பால் இனிக்கிறது. அரைக்கும் பங்குக்கு மட்டும் விலையைப் பாராமல் சின்ன வெங்காயம் வாங்கிச் சமாளித்தேன். இன்றும் அப்படித்தான் செய்கிறேன்.