பட்டவராயன் செருப்பு

ஆடி அமாவாசைக்கு நாலு நாள் இருக்கும்போதே எங்கள் வீட்டுத் திண்ணையில் சாக்கு மூட்டைகள் சேர ஆரம்பித்துவிடும். அரிசி, கருப்பட்டி, அரிக்கேன் விளக்கு, குடில் போடப் பழைய போர்வைகள். சொரிமுத்தையனார் கோயில் ஆற்றங்கரையில் சனம் குடும்பம் குடும்பமாகப் போய்த் தங்குகிற நாட்கள் அவை. எல்லாரும் பாபநாசத்தில் காரையார் பஸ் ஏறிப் போக, எனக்கு வந்த ஒரு காய்ச்சலுக்காக ஆச்சி என்னைக் கேட்காமலே நேர்ந்துவைத்திருந்ததால், நானும் தாத்தாவும் மட்டும் நடை.

தாத்தா அம்பாசமுத்திரத்தில் ரெண்டு ஜோடித் தோல் செருப்பு வாங்கியிருந்தார். சின்னது எனக்கு. பெரியது பட்டவராயனுக்கு; அதைத் துண்டில் முடிந்து தோளில் போட்டுக்கொண்டார். பொத்தைப் பாறைகளை ஒட்டி ஏற ஏற, வெயில் காய்ந்த எலுமிச்சம்புல் வாசனை போய், சாரலில் நனைந்த மண்ணும் ஆனைலத்தியுமாகக் கலந்த ஒரு கனத்த வாசனை வந்தது. எங்கோ மேலே கருமந்தி ஒன்று தொண்டையைச் செருமுகிற கிழவர் மாதிரி உறும, என் வலது கால் சுண்டுவிரலில் புதுத்தோல் கடித்த கடிதான் எனக்குப் பெரிய விஷயமாக இருந்தது. கொஞ்ச தூரத்தில் வாரும் அறுந்தது.

“தாத்தா, அந்தப் பெரிய செருப்பைத் தாங்களேன்.”

“அது அவரு நடக்கதுக்குல. நீ போட்டா வாளிக்குள்ள எலி நின்ன மாதிரி இருக்கும்.”

அப்புறம் வெறுங்கால்தான். எதிரே தேன் டின்னோடு இறங்கி வந்த காணிக்காரர் ஒருவர், வளைவுக்கு அந்தப் பக்கம் ஆனை நிற்கிறது, கொஞ்சம் இருந்து போங்கள் என்றார். ஒரு பாறையில் ஏறி உட்கார்ந்து கட்டுச்சோற்றைப் பிரித்தோம். புளியோதரையும் தேங்காய்த் துவையலும் வாழையிலைச் சூட்டில் வெந்த மணத்தோடு சாப்பிட்டு முடித்தும் ஆனையைக் காணோம்; மூங்கில் ஒடிகிற சத்தம் மட்டும் பட்டாசு மாதிரி கேட்டது. பயமில்லை என்று நான் மூணு தடவை சொன்னதாகத் தாத்தா பிறகு ஊரெல்லாம் சொன்னார். முண்டந்துறை அப்போதே சரணாலயம்தான். களக்காட்டோடு சேர்ந்து புலிகள் காப்பகமானது 1988இல். ‘புலி’ என்ற சொல்லை மட்டும் தாத்தா வழி நெடுக ஒருதரம்கூட எடுக்கவில்லை.

அந்த நேரத்தைப் போக்கத்தான் பட்டவராயன் கதை. பிராமணனாய்ப் பிறந்த முத்துப்பட்டன், பொம்மக்கா திம்மக்கா என்ற அக்கா தங்கைமேல் ஆசைப்பட்டு, பூணூலை அறுத்துப் போட்டு, அவர்கள் அப்பனிடமே செருப்புத் தைக்கப் படித்து, கடைசியில் மாடு கவர வந்தவர்களோடு சண்டையிட்டுச் செத்த கதை. அதனால்தான் சாமிக்குச் செருப்புக் காணிக்கை. ராத்திரியில் அவர் அதைப் போட்டுக்கொண்டு காட்டைச் சுற்றுவார், தொங்கவிட்ட செருப்பு தானே தேயும் என்றார் தாத்தா.

கோயிலுக்குப் போனதும் எல்லாரும் ஆற்றில் விழுந்து குளிக்க, கட்டின மணிகளைப் பட்டைக்குள் விழுங்குகிற மரத்தைக்கூட நான் சரியாகப் பார்க்கவில்லை. நேராகப் பட்டவராயன் சன்னதி. தொங்கின செருப்புகளை ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். சிலதில் அடியில் சேறு இருந்தது. அன்றிரவு குடிலுக்குள் ஆச்சியின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு, ஆற்றிரைச்சலையும் பக்கத்துக் குடிலின் குறட்டையையும் தாண்டி, சரக் சரக்கென்று யாரோ நடப்பதைக் கேட்டபடி கிடந்தேன்.

மறுவருஷம் பஸ்ஸில்தான் போனோம். இறங்கினதும் எங்கள் செருப்பைத் தேடினேன். அத்தனைக்குள் எதுவென்று தெரியவில்லை. தாத்தா ஒன்றைத் திருப்பி, “இதாம்ல. குதிங்கால் எப்படித் தேஞ்சிருக்கு பாரு” என்றார்.

நாங்கள் வாங்கினது செம்மண் நிறம். அது கறுப்பு. நான் ஒன்றும் சொல்லவில்லை.