சாவிக் கொத்தும் ஒரு கொரிய ராணியும்

போன வருஷம் எனக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் நடந்தது. "ஆறு வாரத்துக்குக் குடம் தூக்கக் கூடாது, குனிந்து பெருக்கக் கூடாது" என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மாத்தூரில் எங்கள் வீட்டு ஹாலில் கட்டிலைப் போட்டு என்னைப் படுக்க வைத்துவிட்டார்கள். இருபத்திரண்டு வருஷமாக ஓடியாடிப் பழகிய உடம்புக்குப் படுக்கை என்பது தண்டனைதான்! என் தவிப்பைப் பார்த்துவிட்டு, காலேஜில் படிக்கும் என் பெண் தன் போனைக் கையில் கொடுத்தாள். "ஒரு கொரிய ராணிக் கதைம்மா. மொத்தம் 62 பாகம். ஆறு வாரமும் தாங்கும்" என்றாள்.

கொரிய நாடகம் எனக்குப் புதிதல்ல. புதுயுகம் தொலைக்காட்சியில் அவர்கள் தமிழ் பேசிய நாட்களிலேயே அடுப்பில் பாலைப் பொங்கவிட்டுப் பார்த்தவள்தான். அவர்கள் வீட்டுப் பேச்சிலும் அப்பாவுக்கு 'அப்பா' என்றே பெயர் என்பதில் எனக்கு ஒரு தனி சந்தோஷம். இந்தத் தொடர் தமிழில் இல்லை. பெண் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்லப் பார்த்தேன்.

'ராணி சொன்டோக்' என்பது தொடரின் பெயர். 2009-ல் கொரியாவில் ஒளிபரப்பானது. சில்லா என்ற நாட்டை 632 முதல் 647 வரை ஆண்ட முதல் பெண்ணரசியின் கதை. ஆனால் முதல் நாளிலிருந்தே என்னைக் கட்டிப் போட்டது ராணியல்ல, அவளை எதிர்க்கும் மிஷில் என்ற சீமாட்டி. பட்டம் இல்லை, முடி இல்லை. ஆனாலும் அரண்மனையே அவள் புருவ அசைவுக்கு நடுங்குகிறது. எப்படி? பஞ்சாங்கக் கணக்கு அவள் கையில்! கிரகணம் என்றைக்கு, மழை எப்போது என்று தெரிந்தவர்களைத் தன்னிடம் வைத்துக்கொண்டு, தனக்கு ஏதோ தெய்வ அருள் இருப்பதுபோல் ஜனங்களை நம்ப வைக்கிறாள்.

சொன்டோக் வேறு மாதிரி யோசிக்கிறாள். வானம் பார்க்க ஒரு கோபுரம் கட்டி, எப்போது விதைப்பது என்பது எல்லோருக்கும் தெரியட்டும் என்கிறாள். நாடகத்தில் கற்பனை நிறைய உண்டு என்றாலும், அந்தக் கல் கோபுரம் நிஜம். ஏறக்குறைய 9 மீட்டர் உயரம். கியோங்ஜு நகரில் இன்றும் நிற்கிறது.

"இந்த மிஷிலுக்கு என்ன ராங்கி பார்த்தியா!" என்றேன். என் பெண் சிரித்துக்கொண்டே, "நம்ம வீட்டு மிஷில் நீதாம்மா" என்றாள்.

விளையாட்டாகத்தான் சொன்னாள். எனக்குச் சுருக்கென்றது. ஏனென்றால், நான் ஆஸ்பத்திரியில் இருந்தபோது நடந்தது அப்படி.

என் மாமியாருக்குச் சர்க்கரையும் உண்டு, ரத்தக் கொதிப்பும் உண்டு. மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்து, பேர் எழுதாத சின்ன டப்பாக்களில் போட்டு வைப்பது என் வழக்கம். எது எப்போது என்று எனக்கு மட்டும் தெரியும். "நீங்க யாரும் அதைத் தொடாதீங்க, நான் பார்த்துக்கறேன்" என்பதில் எனக்கு ஒரு பெருமை! நான் இல்லாத மூன்றாம் நாள், ராத்திரி கொதிப்பு மாத்திரை என்று நினைத்து, காலையில் கொடுக்கும் சர்க்கரை மாத்திரையை என் பெண் மறுபடியும் கொடுத்துவிட்டாள். அத்தையோ என் நினைப்பில் சரியாகச் சாப்பிடவில்லை.

நடுராத்திரியில் உடம்பெல்லாம் குப்பென்று வியர்த்து, கை நடுங்கி, பேச்சுக் குழறியிருக்கிறது. பயத்தில் என் வீட்டுக்காரருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நல்லவேளை, எதிர்வீட்டு அம்மா ஓடி வந்து, சர்க்கரை இறங்கிவிட்டது என்று புரிந்துகொண்டு மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வைத்தாராம். கால் மணியில் தெளிந்திருக்கிறது. சிலவகை மாத்திரைகளின் வேகம் அடங்க நேரமாகும், சர்க்கரை மறுபடி இறங்கலாம் என்பதால் உடனே டாக்டரிடமும் அழைத்துப் போயிருக்கிறார்கள்.

சகோதரிகளே, நினைவோடு இருப்பவருக்குத்தான் இப்படிக் குடிக்கக் கொடுக்கலாம். மயங்கிவிட்டவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, புரையேறிவிடும். அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐக் கூப்பிட வேண்டும்.

"ஆயாவுக்கு ஏதாவது ஆகியிருந்தா நான் என்னம்மா பண்ணியிருப்பேன்?" என்று கேட்டபோது என் பெண்ணின் கண் கலங்கிவிட்டது. தப்பு அவளுடையதா? டப்பாவில் பேர் எழுதாதவள் நான்தானே!

நம் ராணி மங்கம்மாளும் ஞாபகத்துக்கு வந்தார். 1689-ல், கைக்குழந்தையாயிருந்த பேரனுக்காக மதுரை ஆட்சியை ஏற்றவர். சாலை போட்டார், சத்திரம் கட்டினார்; மதுரை ரயிலடிக்கு எதிரே அவர் பேரில் சத்திரம் இருக்கிறது. வளர்ந்த பேரனிடம் அதிகாரத்தைக் கொடுக்கத் தயங்கினார் என்று சிறை வைத்துப் பட்டினி போட்டதாகக் கதை சொல்வார்கள். அந்தக் கதையில் என் மனசு எப்போதும் மங்கம்மாள் பக்கம்தான். ஆனால் இந்த முறை, சாவியைக் கையில் பிடித்தே பழகியவளுக்கு அதைக் கொடுப்பது எத்தனை கஷ்டம் என்று தோன்றியது.

எழுந்து உட்கார முடிந்ததும் ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்தோம். மாத்திரையின் பேர், அளவு, வேளை, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா. டாக்டர் போன் நம்பர். காஸ் புத்தகம், ரேஷன் கார்டு, இன்ஷூரன்ஸ் காகிதம் இருக்கும் இடம். சீட்டுப் பணம் கட்டும் தேதி. நான் சொல்ல, அவள் எழுதினாள். மாத்திரைகள் இப்போது அட்டையோடுதான் இருக்கின்றன. நோட்டு சமையலறைக் கதவில் தொங்குகிறது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஒருநாள் அப்பாவும் பெண்ணுமாக என்னை ஒரு வார்த்தை கேட்காமல் எல்லாவற்றையும் முடித்துவிட்டார்கள். எனக்குச் சந்தோஷம் வரவில்லை, தொண்டையை அடைத்தது. 'இனி நான் எதற்கு?' என்று முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டேன்.

அத்தைதான் மெல்ல நடந்து வந்து கட்டில் ஓரம் உட்கார்ந்தார். "நீ இல்லாமலும் வீடு நடக்குதுன்னா, நீ நல்லா நடத்தியிருக்கேன்னு அர்த்தம்டி" என்றார். இருபத்திரண்டு வருஷத்தில் அவர் வாயால் நான் கேட்ட முதல் பாராட்டு!

647-ல், பெண்ணால் ஆள முடியாது என்று சொல்லிக் கலகம் செய்தார்கள். அந்த வருஷமே சொன்டோக் இறந்தும் போனாள். ஆனால் அவளுக்குப் பின் அரியணை ஏறியவளும் ஒரு பெண்தான். 62-ஆம் பாகம் முடிந்த அன்று, இடுப்பிலிருந்த பீரோ சாவியை எடுத்துக் கதவில் அந்த நோட்டுப் பக்கத்திலேயே மாட்டிவிட்டேன்.