காயிலுக்கேற்ற பவர் சப்ளை

வீட்டில் இண்டக்‌ஷன் ஹீட்டர் செய்கிறவர்கள் காயில் சுற்றுவதில் காட்டும் அக்கறையை பவர் சப்ளையில் காட்டுவதில்லை. காலிக் காயில் இழுக்கும் கரண்ட் கொஞ்சம்தான். இரும்புக் குழாயை உள்ளே நுழைத்ததும் ஆம்பியர் மீட்டர் விறுவிறுவென ஏறும். 24 வோல்ட்டில் 20 ஆம்பியர் என்றாலே 480 வாட். சப்ளை தாங்காமல் வோல்டேஜ் படுத்தால் ஆஸிலேஷன் நின்றுவிடும். சர்க்யூட்டில் மாறி மாறி ஆன் ஆகவேண்டிய இரண்டு மாஸ்ஃபெட்டும் (சுவிட்சாக வேலை செய்யும் டிரான்சிஸ்டர்கள்) ஒருசேர ஆன் ஆகி, புகைதான். வோல்டேஜ் மெல்ல ஏறும் சப்ளைக்கும் இதே கதி நேரலாம். அதனால் சப்ளையை முதலில் போட்டுவிட்டு, பிறகு தனி சுவிட்ச் வழியாக ஹீட்டருக்குக் கொடுங்கள். குழாய் 770 டிகிரி செல்சியஸ் தாண்டினால் இரும்பின் காந்தத்தன்மை போய், இழுக்கும் கரண்டும் மாறிவிடும். கணக்குக்கு மேல் கொஞ்சம் கூடுதல் ஆம்பியர் உள்ள சப்ளையாகவே வாங்குங்கள்.