முறை வைத்துச் சுமப்பது

தொலைபேசித் துறையில் 34 வருடம் கேபிள் வேலை பார்த்தவன் நான். எக்ஸ்சேஞ்சிலிருந்து கேபினெட், பிறகு பில்லர், பிறகு டி.பி., கடைசியில் வீடு. ஆயிரக்கணக்கான இணைப்புகளை இப்படிக் குழுக்களாகப் பிரித்தால்தான் கட்டி மேய்க்க முடியும். பேத்தி தன் கல்லூரி ப்ராஜெக்டான வயர்லெஸ் சென்சார் நெட்வொர்க்கை விளக்கியபோது, "அட, இது எங்க பில்லர்தானே!" என்றேன். "உங்க பில்லர் பேட்டரியிலயா ஓடுது தாத்தா?" என்று கேட்டாள்.

விஷயமே அந்த பேட்டரிதான். 2002-ல் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் உள்ள கிரேட் டக் தீவில், கடற்பறவைகளின் வளைகளில் சென்சார்களை வைத்தார்கள். அடிக்கடி ஆள் போனால் பறவை மிரண்டு கூட்டைக் கைவிட்டுவிடும். எனவே உள்ளே வைத்த பேட்டரியை நினைத்தபோது மாற்ற முடியாது.

ரேடியோவில் தூரம் இரட்டித்தால் சக்திச் செலவு நான்கு மடங்கு, சில சமயம் அதற்கும் மேல். ஒவ்வொரு சென்சாரும் நேராகத் தலைமை நிலையத்துக்குப் பேசினால் தூரத்தில் இருப்பவை முதலில் சாகும். கைமாற்றிக் கைமாற்றி அனுப்பினால், எல்லார் சுமையும் நிலையத்துக்குப் பக்கத்தில் இருப்பவற்றின் தலையில் விழும். அவை முதலில் சாகும்.

2000-ல் எம்.ஐ.டி.யைச் சேர்ந்த வெண்டி ஹைன்சல்மேன், சென்னையில் பிறந்த ஆனந்த சந்திரகாசன், சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த ஹரி பாலகிருஷ்ணன் மூவரும் 'லீச்' என்ற முறையைச் சொன்னார்கள். குழுவுக்கு ஒரு தலைவர். அவர் எல்லார் தகவலையும் வாங்கி, சுருக்கி, ஒரே செய்தியாக அனுப்புவார். ஆனால் தலைவர் நிரந்தரமில்லை, சுற்றுக்குச் சுற்று மாறுவார். நூறு பேரில் ஐந்து பேர் தலைவர் என்றால், ஒருமுறை இருந்தவருக்கு இருபது சுற்றில் மறுமுறை வராது.

பேத்தி சொல்லச் சொல்ல எனக்கு கும்பகோணம்தான் ஞாபகம் வந்தது. அம்மாவுக்கு 91 வயது, தம்பி வீட்டில் இருக்கிறார். அக்கா திருச்சியில், நான் சென்னையில், கடைக்குட்டி அமெரிக்காவில். டாக்டர், மருந்து, நலம் விசாரிக்கும் நாற்பது உறவினர்களின் போன் எல்லாம் தம்பி மனைவிக்குத்தான். பக்கத்தில் இருக்கும் சென்சார்! போன ஆடியில் அவள் சமையலறையில் மயங்கி விழுந்தாள்.

அம்மாவை இந்த வயதில் இடம் மாற்ற முடியாது. பொறுப்பை மாற்றினோம். மாதம் ஒருவர் 'தலைவர்'. எல்லாப் போனும் அவருக்கே வரும். ராத்திரி வாட்ஸ்அப்பில் ஒரே செய்தி போடுவார். பதினைந்து நாள் கும்பகோணத்தில் போய்த் தங்கவும் வேண்டும்.

ஒரு சிக்கல் வந்தது. அக்காவுக்கு முழங்கால் வலி, கடைக்குட்டியால் நினைத்தபோது வர முடியாது. எல்லாரையும் சமமாக எண்ணி முறை போட்டால் சரிவராது. லீச்சுக்கும் இதே குறைதான் என்றாள் பேத்தி. 2004-ல் வந்த 'ஹீட்' முறை, யாரிடம் எவ்வளவு சக்தி மிச்சம் என்று பார்த்துத் தலைவரைத் தேர்ந்தெடுக்குமாம். நாங்களும் அப்படியே செய்தோம். அக்காவுக்குப் போன் வேலை மட்டும், கடைக்குட்டிக்கு இரவு நர்ஸ் செலவு, தங்கும் முறை எனக்கு இரண்டு பங்கு.

நெட்வொர்க்கின் ஆயுளை அளக்க ஒரு கணக்கு உண்டாம்: முதல் சென்சார் எப்போது சாகிறது என்பது. மற்றவை நன்றாக இருப்பது அந்தக் கணக்கில் சேராது.

ஐப்பசியில் தம்பி மனைவி மன்னார்குடியில் தன் அம்மாவோடு பத்து நாள் இருந்துவிட்டு வந்தாள். ஒன்பது வருடத்தில் முதல் தடவை. உங்கள் வீட்டில் யார் தலையில் விழுகிறது என்று ஒருமுறை எண்ணிப் பாருங்களேன்.