ஒரு சிறு சத்தம்

நாள்தோறும் கேட்கும் ஒலியை நாம் கேட்பதில்லை. சுவர்க் கடிகாரத்தின் துடிப்பும் தகரக் கூரையில் விழும் மழையும் பழகிய செவிக்கு மௌனமாகவே படுகின்றன. அந்தப் பழக்கம் என் தாயாரின் உயிருக்கே உலை வைக்க இருந்த கதையை இங்கு எழுத முற்படுகிறேன்.

என் தந்தையார் ரப்பர் தோட்டமொன்றில் கிராணியாராக இருந்தவர். 1969ஆம் ஆண்டில் அவர் வாங்கிய மோரிஸ் மைனர் கார், அவர் மறைவுக்குப் பின் என்னிடம் வந்து சேர்ந்தது. இங்கிலாந்தில் 1948இல் தோன்றி, 1971இல் உற்பத்தி நின்றுபோன வகை அது. விற்றுவிடும்படி சொன்னவர் பலர். "அப்பா கைபட்ட வண்டி, இருக்கட்டும்" என்று அம்மா மறுத்துவிட்டார்.

2011ஆம் ஆண்டில் அம்மாவின் கண் சிகிச்சைக்காகத் தைப்பிங்கிலிருந்து ஈப்போவுக்கு மாதம் ஒருமுறை அந்தக் காரில் சென்று வந்தோம். காலையில் எஞ்சினை முடுக்கியதும் 'டிக், டிக்' என்றொரு சத்தம் எழும். சிறிது தூரம் ஓடிச் சூடேறியதும் அடங்கிவிடும். தானே சரியாகிவிட்டது என்று நானும் அமைதியடைவேன்.

தைப்பிங் மழைக்குப் பெயர் பெற்ற ஊர். மழை பிடித்துக்கொண்டால் கண்ணாடிகளை ஏற்றிவிட வேண்டியதுதான். அப்போதெல்லாம் அம்மா, "தலை கனக்குதுப்பா, வயித்தைப் புரட்டுது" என்பார். வயதின் கோளாறு என்று எண்ணிக் கோடாலித் தைலத்தை எடுத்துக் கொடுப்பேன். எனக்கும் தலை வலிக்கத்தான் செய்தது. உறக்கக் குறைவு என்று அதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தேன்.

ஒருநாள் பெருமழையில், பழைய சாலை வழியாகப் புக்கிட் பெராப்பிட் மேட்டில் ஏறிக்கொண்டிருந்தோம். ஏற்றத்தில் அந்தச் சத்தம் மீண்டும் எழுந்தது. "அம்மா" என்று அழைத்தேன். பதில் இல்லை. தொட்டு உலுக்கினேன், விழிகள் பாதி திறந்து மூடிக்கொண்டன. வண்டியை ஓரங்கட்டி, எஞ்சினை நிறுத்தி, கதவுகளைத் திறந்து, கொட்டும் மழையில் அவரை வெளியே தாங்கிப் பிடித்தேன். வழியில் வந்த ஒருவர் தம் காரில் எங்களை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார். பிராணவாயு கொடுத்த மருத்துவர் என்னிடம் கேட்ட முதற் கேள்வி, "எந்த வண்டியில் வந்தீர்கள்?" என்பதே.

கார்பன் மோனாக்சைடு நிறமும் மணமும் அற்ற நச்சு வாயு. பிராணவாயுவைக் காட்டிலும் 200 மடங்குக்கு மேலான பற்றுடன் இரத்தத்தின் ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொள்ளும். உடன் வரும் புகைக்கு நாற்றம் உண்டு. ஆனால் செவியைப் போலவே மூக்கும் பழகிவிடுகிறது.

அம்மா தேறி வீடு திரும்பியபின், காரைப் பட்டறைக்கு இழுத்துச் செல்ல ஏற்பாடு செய்தேன். வயது முதிர்ந்த பட்டறைக்காரர் குளிர்ந்த எஞ்சினை முடுக்கச் சொல்லி, புகைக்குழாயின் வாயைக் கனத்த துணியால் ஒரு கணம் அடைத்தார். சீறும் ஒலி பெரிதாயிற்று. எஞ்சினின் பக்கவாட்டில் எக்சாஸ்ட் மேனிபோல்ட் பொருந்தும் இடத்தில் கரி படிந்திருந்ததைக் காட்டினார். "கேஸ்கெட் போயிருச்சு தம்பி. சூட்டில இரும்பு விரிஞ்சா இடைவெளி குறையும், சத்தம் அடங்கும். அடங்கினது சத்தம்தான், ஓட்டை இல்ல."

வாயு உள்ளே நுழைந்த வழியையும் அவரே கண்டுபிடித்தார். எஞ்சினுக்கும் இருக்கைகளுக்கும் இடையிலுள்ள தகடில் கம்பிகள் நுழையும் துளைகளின் ரப்பர் வளையங்கள் உளுத்து உதிர்ந்திருந்தன. ரப்பரால் உண்டு உடுத்த எங்கள் குடும்பத்தை ரப்பரே கைவிட்ட விந்தையை எண்ணிக்கொண்டேன்.

மரைகளில் எண்ணெய் விட்டு ஓரிரவு ஊறவைத்தார். மறுநாள் கார்புரேட்டரைக் கழற்றி, மேனிபோல்டை மெல்ல விடுவித்தார். அப்படியும் ஒரு திருகாணி முறிந்தது. அதைத் துளைத்தெடுத்துப் புதிதாக மரை வெட்டவே அரைநாள் ஆயிற்று. நான்கு சிலிண்டர்களுக்கு மூன்றே புகைவாயில்கள் கொண்ட அந்த எஞ்சினில், உள்ளிழுக்கும் வழிக்கும் வெளியேற்றும் வழிக்கும் ஒரே கேஸ்கெட்தான். பழைய கேஸ்கெட்டில் கல்நார் இருக்கக்கூடும் என்பதால், தூசி பறவாதபடி நனைத்தே அகற்றினார். எஃகு அளவுகோலை முகப்பில் வைத்துப் பார்த்தபோது மேனிபோல்ட் வளைந்திருப்பது தெரிந்தது. அதைச் சமப்படுத்தாமல் புது கேஸ்கெட் போட்டால் சில மாதங்களில் மீண்டும் கசியும் என்றார். சமப்படுத்தி வந்தபின், நடுவிலிருந்து இருபுறமும் சிறிது சிறிதாக மரைகளை முறுக்கினார். எஞ்சினைச் சூடேற்றி, ஆறவைத்து, மறுபடியும் ஒருமுறை முறுக்கினார். ரப்பர் வளையங்களையும் மாற்றினார்.

கேஸ்கெட்டின் விலை அற்பம். கூலியும் பெரிதன்று. நான் செவி சாய்க்காதிருந்த மாதங்களுக்குத்தான் விலை சொல்ல முடியவில்லை.

அடுத்த மாதம் அம்மா தயக்கமின்றி அதே காரில் ஏறி அமர்ந்தார். எஞ்சின் சீராக முனகியது. மேட்டில் ஏறும்போது, "இப்ப தலை வலிக்குதாம்மா?" என்று கேட்டேன்.

"இல்லப்பா. முன்னாடியே நீ இப்படிக் கேட்டிருக்கலாம்" என்றார், சிரித்துக்கொண்டே.

அந்தச் சிரிப்பில் குறை ஏதும் இல்லை. ஆயினும் அன்று முதல் வண்டியின் சிறு சத்தத்தையும், வீட்டிலுள்ளோரின் சிறு முனகலையும் நான் அலட்சியம் செய்வதில்லை.